சுமையைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போ

கண்ணு,

"எந்த ட்ரான்சிஸ்டர் நல்லது பெரியப்பா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அர்டுயினோ வாங்கிவிட்டாய், எல்.ஈ.டி.யை மினுக்கிப் பார்த்துவிட்டாய். இனி முந்திரித் தோப்பில் சோலார் பலகையோடு நிற்கிற 12 வோல்ட் பம்பை அதைக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். குயிலாப்பாளையத்தில் பிறந்தவனுக்கு இது அந்நியமான வேலையும் இல்லை. பக்கத்திலே ஆரோவில் சோலார் கிச்சன் கூரைமேல் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறதே, அதை நினைத்துப் பார். கிண்ணம் அசையாது. அதற்குமேல் தொங்குகிற கொதிகலன்தான் கணினி சொல்கிறபடி சூரியன் பின்னால் நகர்கிறது. கணக்குப் போடுவது ஒன்று, பாரத்தை நகர்த்துவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே யாரை நிறுத்துவது என்பதுதான் உன் கேள்வி.

என் மேசைக்கு வந்த செத்த போர்டுகள்தான் எனக்குப் பாடப்புத்தகம். அவற்றிலிருந்து சொல்கிறேன். அவசரமில்லை, நிதானமாகப் படி.

1. முதலில் சுமையைக் கேள். பம்பு எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை ஆம்பியர், கிளம்பும்போது எத்தனை ஆம்பியர், உள்ளே காயில் இருக்கிறதா? இந்த நான்கையும் தாளில் எழுதாமல் ட்ரான்சிஸ்டர் பெயரை வாயிலே எடுக்காதே. பெயர்ப்பலகையில் 4 ஆம்பியர் என்று போட்டிருப்பான். அது தண்ணீர் ஒழுங்காக ஓடும்போது உள்ள கணக்கு. நம் செம்மண் உள்ளே போய் இறுகி மோட்டார் சிக்கிக்கொண்டால் கதை வேறு. மோட்டாரை நிறுத்திவைத்து அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸை அளந்து பார். 0.6 ஓம் காட்டினால், 12 வோல்ட்டில் 20 ஆம்பியர். கிளம்புகிற நொடியிலும் சிக்கிக்கொண்ட வேளையிலும் அவ்வளவையும் இழுக்கப் பார்க்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அது இந்தத் தொழிலுக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

2. மைக்ரோகன்ட்ரோலரின் பின்னைச் சுமைதூக்கியாக்காதே. அர்டுயினோ ஊனோவில் இருக்கிற ஏ.டி.மெகா 328 சில்லின் ஒரு பின் 40 மில்லி ஆம்பியரைத் தாண்டவே கூடாது, 20-க்குள் வைத்துக்கொள்வதுதான் முறை. எல்லாப் பின்களும் சேர்ந்து 200. நீலநிற 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 ஓம், அதாவது 70 மில்லி ஆம்பியர் கேட்கும். அதை நேரே பின்னில் கோத்தால் "டிக்" என்று சத்தம் வரத்தான் வரும், நீயும் மகிழ்ந்துபோவாய். ஒருநாள் அந்த ஒரு பின் மட்டும் ஊமையாகிவிடும், மற்றவை எல்லாம் உயிரோடு இருக்கும். இப்படி ஒற்றைப் பின் செத்த போர்டுகள் என்னிடம் வந்துகொண்டே இருந்தன. கொண்டுவந்த எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு." ஒன்று தாங்குகிறது என்பதற்காக அதன் தலையில் ஏற்றாதே. பொருளிடமும் அப்படி, ஆளிடமும் அப்படி.

3. சின்ன வேலைக்குச் சின்ன ஆள் போதும். ஒரு ரிலே, ஒரு பஸ்ஸர், நாலைந்து எல்.ஈ.டி. என்றால் என்.பி.என். வகையில் பி.சி. 547 எடுத்துக்கொள், அதன் எல்லை 100 மில்லி ஆம்பியர். அதற்குமேல் கொஞ்சம் வேண்டுமென்றால் பி.சி. 337 அல்லது 2 என் 2222. எங்கள் காலத்தில் பெங்களூர் பி.இ.எல். நிறுவனத்தின் எஸ்.எல். 100 தான் எல்லாவற்றுக்கும். தகரத் தொப்பி போட்டிருக்கும், தொப்பி விளிம்பில் துருத்திய காது எமிட்டரைக் காட்டும். இன்றைக்கும் லேப் பெட்டிகளில் கிடக்கிறது.

கணக்கில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். டேட்டாஷீட்டில் கெய்ன் 200 என்று பார்த்ததும், 70 மில்லி ஆம்பியரை 200-ஆல் வகுத்து, பேஸுக்கு 0.35 போதும் என்று முடிவுகட்டுவார்கள். அந்த 200 ஆடியோ பெருக்குகிறவனுக்கு உரியது. சுவிட்சாக வைக்கும்போது 10 என்று கணக்குப் போடு. 70-க்கு 7 மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டில் பேஸ் விழுங்கும் 0.7 போக 4.3 மிச்சம். அதை 7-ஆல் வகுத்தால் 600 ஓம் சொச்சம், ஆகவே 560 ஓம் ரெசிஸ்டர். பேஸை அரைப்பட்டினி போட்டால் ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறக்காது. திறக்காத மிச்சமெல்லாம் சூடாக மாறும். ஒரே பி.சி. 547-ல் ஒன்றின் கெய்ன் 110 இருக்கும், இன்னொன்று 500 காட்டும். நல்லது கிடைத்தால் ஓடும் என்கிற கணக்கை என்னிடம் கொண்டுவராதே.

4. காயில் இருக்கிற எதற்கும் டயோடு போடு. ரிலே, வால்வு, பம்பு, மின்விசிறி எல்லாவற்றுக்கும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனசு வராது. காயிலில் ஓடுகிற கரண்ட்டைத் திடீரென்று வெட்டினால் அது நிற்காது, போக வழி தேடும். வழி இல்லையென்றால் வோல்டேஜை நூறு, இருநூறு என்று ஏற்றிக்கொண்டு ட்ரான்சிஸ்டரையே உடைத்துக்கொண்டு போகும். பி.சி. 547 தாங்குவது 45 வோல்ட்தான். காயிலின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 1 என் 4007 ஒன்றைத் திருப்பிப் போடு. வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். காயிலின் மிச்சக் கரண்ட் அந்த டயோடு வழியாகவே சுற்றிச்சுற்றி ஓய்ந்துவிடும்.

டயோடு இல்லாமலும் சில நாள் ஓடும். அதுதான் ஆபத்து. அடுத்த ஊர்க்காரர் ஒருவர் சொட்டுநீர் வால்வுப் பெட்டியை மூன்றாவது முறையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தைய இரண்டு முறையும் வேறு யாரோ ட்ரான்சிஸ்டரை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஏன் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒரு ரூபாய் டயோடு வைத்துக் கொடுத்தேன், பெட்டி திரும்பி வரவில்லை. செத்ததை மாற்றுகிறவனாக மட்டும் இருந்துவிடாதே, கண்ணு. இன்னொன்று: பி.டபிள்யூ.எம். கொடுத்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதாக இருந்தால் 4007 மெதுவானது, உதவாது. ஷாட்கி டயோடு போடு. 3 ஆம்பியர் வரை 1 என் 5822. உன் பம்பு 4 ஆம்பியர் என்றால் அதைவிடப் பெரியது.

5. பழைய படத்தைப் பார்த்து அப்படியே போடாதே. எந்த புராஜெக்ட் புத்தகத்தைத் திறந்தாலும் மோட்டாருக்கு டிப் 122 என்று போட்டிருக்கும். அது டார்லிங்டன், உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டர் ஒன்றன்மேல் ஒன்றாக. கொஞ்சம் பேஸ் கரண்ட்டிலேயே திறந்துகொள்ளும் என்பதால் அன்றைக்கு அது வரப்பிரசாதம். ஆனால் 3 ஆம்பியர் ஓடும்போது தனக்கென்று 2 வோல்ட் வரை பிடித்துக்கொள்ளும். 3-ஐ 2-ஆல் பெருக்கு, 6 வாட். ஹீட்சிங்க் இல்லாமல் அது தாங்குவது 2 வாட். பம்புக்குப் போய்ச் சேருவதும் 12-க்குப் பதில் 10 வோல்ட்தான். பேட்டரியில் ஓடுகிற தோப்புக்கு இது கட்டுப்படியாகாது. ஏழெட்டு ரிலேயை ஒரே இடத்தில் இழுக்க வேண்டுமென்றால் மட்டும் டார்லிங்டன் குடும்பத்து யு.எல்.என். 2003 வாங்கு. ஏழு வழி, டயோடுகள் உள்ளேயே இருக்கின்றன. ஒன்பதாவது பின்னை ரிலேயின் பிளஸ்ஸோடு சேர்க்க மறந்தால் அந்த டயோடுகள் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

6. பெரிய சுமைக்கு மாஸ்ஃபெட். எழுத்தைப் பார்த்து வாங்கு. பெல் லேப்ஸில் 1947 டிசம்பரில் முதல் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. அதே பெல் லேப்ஸில் 1959-ல் அட்டாலாவும் காங்கும் மாஸ்ஃபெட்டை உருவாக்கினார்கள். உன் பம்புக்கு ஏற்றது இளையதுதான். அதன் கேட்டுக்குக் கரண்ட் ஓடவேண்டியதில்லை, வோல்டேஜ் போதும். ஆனால் எத்தனை வோல்டேஜ்?

கடையில் ஐ.ஆர்.எஃப். இசட் 44 என் கொடுப்பார்கள். டேட்டாஷீட்டில் கேட் த்ரெஷோல்டு 2 முதல் 4 வோல்ட் என்றிருக்கும். "என்னிடம் 5 வோல்ட் இருக்கிறதே, தாராளம்" என்று தோன்றும். அந்த வரியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 250 மைக்ரோ ஆம்பியர் என்று இருப்பதைப் படித்தாயா? த்ரெஷோல்டு என்பது தாழ்ப்பாள் நகர்கிற நேரம், கதவு இன்னும் திறக்கவில்லை. அதன் 17.5 மில்லி ஓம் என்கிற பெருமையெல்லாம் கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான். அதற்குப் பதில் ஐ.ஆர்.எல். இசட் 44 என் கேள். எஃப் இருந்த இடத்தில் எல், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு 5 வோல்ட்டிலேயே 25 மில்லி ஓம் என்று உறுதி கொடுத்திருக்கிறான். 3 ஆம்பியரில் கணக்குப் போட்டால் கால் வாட்டுக்கும் குறைவு. டிப் 122-ன் 6 வாட்டை இதோடு ஒப்பிட்டுப் பார்.

கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்பார். சண்டை போடாதே. வாங்காமல் வா.

7. இ.எஸ்.பி. 32 வாங்கினால் இன்னும் ஒரு படி இறங்கி யோசி. அது பேசுவது 3.3 வோல்ட்டில். ஐ.ஆர்.எல். இசட் 44 என்னுக்கே 4 வோல்ட்டுக்குக் கீழே உறுதி எதுவும் எழுதித் தரவில்லை. இரண்டு வழி உண்டு. 2.5 வோல்ட்டிலேயே திறக்கும் ஏ.ஓ. 3400 போன்ற சின்னது ஒன்று, மிளகளவு இருக்கும், ஈயம் வைக்கக் கை நடுங்கக்கூடாது. அல்லது நடுவில் ஒரு பி.சி. 547-ஐ வைத்து, மாஸ்ஃபெட்டின் கேட்டை 12 வோல்ட்டுக்குத் தூக்கு. அப்போது தர்க்கம் தலைகீழாகும்: பின் தாழ்ந்தால் பம்பு ஓடும். இதை மறந்தால் அடுத்த அறிவுரை உன்னைத் தேடி வரும். நான் என்றால் உனக்கு ஏ.ஓ. 3400-ஐச் சொல்லமாட்டேன். 4 ஆம்பியர் பம்பு அதற்கு அதிகம், விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்.

8. நீ இல்லாத நேரத்தை நினைத்து வடிவமை. இதுதான் நான் உனக்குச் சொல்ல விரும்புவதிலேயே பெரியது. மேசைமேல் நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதுவும் ஓடும். தோப்பில் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன ஆகும் என்று சொல்.

சில்லுக்குப் போகும் மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது மைக்ரோகன்ட்ரோலர் விழித்து, தன் நிரலைத் தொடங்கும்வரை அதன் பின்கள் எந்தப் பக்கமும் சாயாமல் தொங்கும். மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு துளி சார்ஜையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, யாரும் சொல்லாமலே பம்பு ஓடும். 2012-ல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அப்போது வீட்டுக் கரண்ட்டை நம்பிய ஆட்டோமேட்டிக் பெட்டிகளெல்லாம் ஒரு நாளைக்குப் பலமுறை தூங்கி விழித்தன. தொட்டி வழிகிறது, ஆனால் காரணம் தெரியவில்லை என்று எத்தனை பேர் வந்தார்கள். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு 10 கே ரெசிஸ்டர், அதுதான் மருந்து. யாரும் ஒன்றும் சொல்லாதபோது கேட்டைக் கீழே பிடித்து வைத்திருக்கும். ஏழாவதில் சொன்ன தலைகீழ் வழியில் போனால் இந்த ரெசிஸ்டர் உதவாது. அங்கே பி.சி. 547-ன் பேஸ் பக்கத்தை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கவேண்டும். இ.எஸ்.பி. 32-ல் சில பின்கள் விழிக்கும்போதே ஒரு துடிப்பு விடும், அவற்றைப் பம்புக்குக் கொடுக்காதே.

இன்னொரு உண்மையையும் தெரிந்துகொள். மாஸ்ஃபெட் சாகும்போது பெரும்பாலும் மூடிக்கொண்டு சாகாது, திறந்த மேனிக்குச் செத்துப்போகும். உன் நிரல் "நில்" என்று கத்தினாலும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பேட்டரி பிளஸ்ஸிலேயே ஒரு ஃப்யூஸ், தொட்டியில் நேராக இணைப்பை வெட்டுகிற ஒரு மிதவை சுவிட்ச். புத்திசாலித்தனமான நிரல் எழுதியிருக்கிறாய் என்பது இவற்றைத் தவிர்க்கக் காரணமாகாது. பம்பைக் கழற்றிக் கைவிட்டுச் சுத்தம் செய்கிறவர் உன் நிரலைப் படித்திருக்கமாட்டார்.

9. கிரவுண்டைச் சேர். அர்டுயினோவின் கிரவுண்டும் பம்பு பேட்டரியின் மைனஸும் மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் ஒன்றாகச் சேரவேண்டும். பாதிப் பேர் இங்கேதான் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். மைனஸ் பக்கத்தையே சுவிட்ச் செய், அது எளிது. வண்டியைப்போல உடம்பெல்லாம் மைனஸாக இருக்கிற இடத்தில் பிளஸ்ஸை வெட்ட பி சேனல் மாஸ்ஃபெட் வேண்டும். அது உனக்கு இப்போது வேண்டாம்.

10. வாங்கியதை நம்பாமல் சோதி. சென்னை ரிச்சி தெருவானாலும் புதுச்சேரிக் கடையானாலும் பெயர் மாற்றி அச்சடித்த மாஸ்ஃபெட் வரும். விற்கிறவருக்கே பலநேரம் தெரியாது. நம் ஊரில் மூலைக்கு மூலை பைக் மெக்கானிக் இருக்கிறார்கள். பிரேக் விளக்கின் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று கேள். அது சுமார் 1.75 ஆம்பியர் எடுக்கும். உன் ஐ.ஆர்.எல். இசட் 44 என் வழியாக அதை எரியவிட்டு, கேட்டில் 5 வோல்ட் இருக்கும்போது டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே, காலின் அடிவேரிலேயே மீட்டரை வைத்துப் பார். 40, 50 மில்லி வோல்ட் காட்டினால் நல்ல சரக்கு. 300 காட்டினால் போலி, அல்லது கேட்டுக்கு வோல்டேஜ் போதவில்லை. சூடு ஏறுகிறதா என்று ஐந்து நிமிடம் பொறுத்துப் பார். அதே பல்பு இன்னொன்றையும் கற்றுத்தரும்: குளிர்ந்திருக்கும்போது அதன் இழை பலமடங்கு கரண்ட் இழுத்துத்தான் எரியத் தொடங்கும். 2 ஆம்பியர் பல்புக்கு 2 ஆம்பியர் ட்ரான்சிஸ்டர் ஏன் போதாது என்பது அப்போது புரியும்.

ஐ.ஆர்.எல். இசட் 44 என் மேல் 47 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. உடலை 25 டிகிரியிலேயே பிடித்து வைத்தால் வருகிற எண் அது. கத்திரி வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அப்படி ஒரு குளிர்ச்சியை யார் தருவார்கள்? காகிதத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைக் கேள், மாஸ்ஃபெட் உன்னை மறந்துவிட்டு ஓடும்.

11. ஏசியின் வாசலில் நில். 230 வோல்ட் ஏசிக்கு இதுவரை சொன்ன எந்த ட்ரான்சிஸ்டரும் நேரடியாக உதவாது. ரிலே அல்லது ட்ரையாக். உன் சித்தப்பா கிணற்று மோட்டாரையும் போனிலிருந்து ஓட்டித் தரச் சொல்வார், அது நிச்சயம். அங்கே சின்ன ட்ரான்சிஸ்டர் ரிலேயை இழுக்க, ரிலே கான்டாக்டரை இழுக்க, கான்டாக்டர் மோட்டாரை ஓட்டும் என்பது சங்கிலி. ஆனால் விவசாய ஸ்டார்ட்டர் பெட்டியின் காயில் பெரும்பாலும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட்டில் இருக்கும். உன் நீல ரிலேயின் முதுகைப் படி: 250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர் என்றுதான் அச்சாகியிருக்கும். இரண்டும் பொருந்தாது. நடுவில் அதற்கேற்ற கான்டாக்டர் ஒன்று வேண்டும். அதை லைசென்ஸ் உள்ள வயர்மேன் மாட்டட்டும், நீ பக்கத்தில் நின்று பார். தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதவன்தான் இந்தத் தொழிலில் கிழவனாகிறான்.

12. பெட்டிக்குள் ஒரு தாள் வை. கடல் காற்று நம் ஊருக்கு வருகிறது. ரிலேயின் கால்களும் திருகுகளும் சில மழைக்காலங்களில் பச்சையாகிவிடும், ஈயம் வைத்த பக்கம் வார்னிஷ் ஒரு பூச்சு பூசு. 2011 தானே புயலுக்கும் 2024 ஃபெஞ்சலுக்கும் பிறகு நனைந்து வந்த பெட்டிகளில், வயர் நுழைகிற ஓட்டை மேல்பக்கம் இருந்தவைதான் அதிகம். ஓட்டையைக் கீழே போடு, வயரைத் தொங்கவிட்டு வளைத்து உள்ளே கொண்டுபோ. பிறகு அந்தத் தாள்: என்ன மாஸ்ஃபெட், எத்தனை ஆம்பியர் பம்பு, ஃப்யூஸ் எவ்வளவு, எந்தப் பின், என்றைக்கு மாட்டியது. தமிழிலேயே எழுது. திறக்கிறவன் நீயாக இருக்கமாட்டாய்.

பொங்கலுக்கு நீ வருவதற்குள் பம்பின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பு. மோட்டார் காயிலின் ரெசிஸ்டன்ஸையும் அளந்து எழுது. மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் காட்டுகிற எண்ணை அதிலிருந்து கழிக்க மறக்காதே. அந்த எண் வந்தபிறகு எந்த மாஸ்ஃபெட், எந்த டயோடு, எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் என்று சேர்ந்து முடிவு செய்வோம். அதுவரை கடைக்குப் போகாதே.